எலும்பு கூடுகிற வரைக்கும்

என் மச்சானின் காலை உடைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘கடற்கரைக் கல்லில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருக்கும். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நானில்லை, அடிபட்ட அவனே.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் குப்பம். போட் என்னுடையது. பதினொரு வருஷம் அந்த ஒரே ஃபைபர் போட்டில் அவனும் நானும் ஜோடியாகத் தொழில் செய்தோம். அவன் கல்யாணம் கட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒற்றை அறையில் இருந்தான், என் பெண்டாட்டி கையால்தான் சாப்பாடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனுக்கு வாய் நீளம். இரண்டும் ஒரே போட்டில் பதினொரு வருஷம் மூழ்காமல் இருந்ததே பெரிய காரியம்.

அன்றைக்கு எண்ணூருக்கு நேரே, துறைமுகத்துக்குள் நுழையக் கப்பல்கள் காத்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வலை விட்டிருந்தோம். அங்கே ஒருவன் படுத்தால் இன்னொருவன் விளக்கை வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். அவன் முறை. தூங்கிவிட்டான். விடிகிற நேரத்தில் ஏதோ ஒரு கப்பல் எங்கள் வலை மேலேயே ஏறிப் போயிருக்கிறது. புது வலை, தண்ணீரில் இறக்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. இழுத்துப் பார்த்தால் ஒரு கூடை கந்தல்தான் மிஞ்சியிருந்தது.

கரைக்கு வரும் வரை நான் வாயே திறக்கவில்லை. என் கோபத்தின் லட்சணம் அது, கொதிக்கும்போது சத்தம் வராது. போட்டைக் கரையேற்றி, மோட்டாரைக் கழற்றி, சவுக்குக் கழியில் கயிறு போட்டு மாட்டினோம். முன்முனை அவன் தோளில், பின்முனை என் தோளில். அலை அரிக்காமல் இருக்கக் கல் கொட்டியிருக்கிற மேட்டின் மேல் ஏறினோம். பாதி ஏற்றத்தில் அவன் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினான்.

“இன்னா மாப்ள, மூஞ்ச தூக்கி வச்சிகினு வர்ற? தூங்கிட்டேன், அவ்ளோதான?”

“அவ்ளோதானா? வலை இன்னா ஒங்கப்பன் வூட்டுதா?”

“எங்கப்பன ஏன் இய்க்கற? ஒங்கப்பன் குட்ச்சிட்டுக் கடல்ல வுய்ந்து செத்தான். நான் தூங்கத்தான தூங்கினேன்.”

என் அப்பா குடித்துவிட்டுத்தான் விழுந்தார். ஊருக்கே தெரியும். ஆனால் என் முகத்துக்கு நேரே அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

கழியைக் கயிற்றிலிருந்து உருவினேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் முழு வீச்சில் அடித்தேன். காய்ந்த சவுக்கு முறிகிற சத்தம் கேட்டது. கழிதான் முறிந்தது என்று நினைத்துக் கையைப் பார்த்தேன். கழி முழுசாக இருந்தது.

அவன் கல் மேல் மல்லாந்து விழுந்தான். விழுந்தவனை அடிக்கக் கூடாது, எங்கள் கரையில் சண்டைக்கு உள்ள ஒரே தர்மம் அது. நான் அடித்தேன். அதே காலில், நாலு விரல் கீழே. முதல் அடி அப்பாவுக்காக என்று சாக்குச் சொல்லலாம். இரண்டாவதுக்கு என்ன சாக்கு? கைக்கு ருசியாக இருந்தது, அடித்தேன். வெட்கம் கெட்டவன் நான், எழுதிவிட்டேன்.

மீன் ஏலத்துக்கு உட்கார்ந்திருந்த பெண்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். ஒருத்தி கூடையால் என் முகத்தில் அடித்தாள். பிறகு ஆண்கள் வந்தார்கள். நாலு பேர் என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். முன்பல் ஒன்று போனது, காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அந்தக் கலவரத்தின் நடுவே அவன் கல்லில் கிடந்தபடியே கத்தினான்.

“வுடுங்கடா அவன! என் தங்கச்சி புருசன்டா! அப்பால அடிச்சிகலாம், மொதல்ல என்ன தூக்குங்கடா டேய்!”

மீன் பெட்டியின் பலகை இரண்டை இரு பக்கமும் வைத்து வலைக் கயிற்றால் காலைக் கட்டி, மீன் ஏற்றுகிற சின்ன வண்டியில் அவனைப் படுக்க வைத்தார்கள். வண்டி ஆடும்போது காலை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். “ஒட்ச்சவனே பிடிக்கட்டும்” என்று என்னை உள்ளே தள்ளினார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போலக் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் உடைந்த எலும்பு ஒன்றோடு ஒன்று உரசுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. தோலுக்கு அடியில் நறநறவென்று மணல் அரைபடுவது போல இருந்தது. வலி பொறுக்காமல் அவன் என் முன்கையைப் பிடித்து இழுத்துக் கடித்தான். பல் உள்ளே இறங்கியது. நான் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான், “கல்லு மேல வுய்ந்துட்டேன்.” போலீஸ் கேஸ் ஆகாமல் தப்பினேன். ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று பிறகு ஒரு நாள் கேட்டதற்கு, “நீ உள்ள போனா என் தங்கச்சிதான தெருவுல நிப்பா, கஸ்மாலம்” என்றான்.

காலுக்குள் கம்பி செருகி ஆபரேஷன் செய்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சபை கூடியது. எங்கள் குப்பத்தில் போலீசுக்குப் போகாத விவகாரமெல்லாம் வலைக்கூடத்துக்கு முன்னால் கூடுகிற சபைக்குத்தான் போகும். தலைவர் அதிகம் பேசவில்லை.

“அவன் எலும்பு கூடற வரிக்கும் நீ கடல்ல காலு வெக்கக் கூடாது. ஒன் போட்டும் எறங்கக் கூடாது. தொயிலுக்குப் போனா அவனுக்கு இன்னா குடுப்பியோ, அத்த அப்டியே தெனம் காலீல அவன் வூட்ல கொண்டுபோய்க் குடு.”

எங்கள் கரை வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கடலுக்குக் கிளம்பும் முன் போட்டுக்காரன் தன் ஆளுக்கு நாஸ்தாவும் டீயும் இரண்டு கட்டு பீடியும் வாங்கித் தர வேண்டும். அதில் குறை வைத்தால் ஆளை அவமானப்படுத்தியதாக அர்த்தம். அதைத்தான் சபை விடாமல் கொடுக்கச் சொன்னது.

மூன்று மாதம் என்று கணக்குப் போட்டேன். கால் எலும்பு மூன்று மாதத்தில் கூடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். போட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ராயபுரம் பக்கம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனேன். ஆள் உயர ஐஸ் பாரை மரச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிப் பெரிய விசைப்படகுகளுக்கு ஏற்ற வேண்டும். கடலை எதிரில் வைத்துக்கொண்டு கரையில் நின்று ஐஸ் உடைப்பது எங்களுக்கு என்ன மாதிரி அவமானம் என்பது எங்கள் ஆட்களுக்குத்தான் புரியும். ஒவ்வொரு பாரையும் ஒவ்வொருவன் மண்டையாக நினைத்துக்கொண்டு அடித்தேன். சபைத் தலைவர் மண்டை, கப்பல்காரன் மண்டை, மச்சான் மண்டை.

ஆனால் காலை வேளையில் ஒரு நாள் தவறியது கிடையாது. ஆறு மணிக்கு இட்லி, தூக்கில் டீ, இரண்டு கட்டு பீடி. காய்ச்சல் வந்த நாளும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மழையில் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர் நின்ற நாளில் பீடி நனையக் கூடாது என்று தலையில் வைத்துக்கொண்டு போனேன். என்னைப் போல் தண்டனையை ஒழுங்காகக் கட்டியவன் குப்பத்திலேயே இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. என்னத்தைச் சொல்ல!

மூன்று மாதம் போனது. கூடவில்லை. ஐந்து மாதம் போனது. கூடவில்லை. ஆறாம் மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். குள்ளமான பெண், குரல் மட்டும் ஏலக்காரி குரல். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு மச்சான் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை பீடி?”

“ரெண்டு கட்டும்மா” என்றான் அவன், நல்ல பிள்ளை மாதிரி.

“நடக்கவே முடியாத ஆளுக்கு யாருய்யா ரெண்டு கட்டு வாங்கித் தர்றது?”

“நான்தாம்மா” என்றேன். சபை சொன்னதையும் சொன்னேன். ஒரு நாளும் தவறியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

“எலும்பு கூடணும்னா அந்த இடத்துக்கு ரத்தம் போகணும்யா. இந்தப் புகை ரத்தக் குழாயைச் சுருக்கிடும். ஆறு மாசமா நீயே தினம் காலையில போய் அவன் காலைக் கூட விடாமப் பண்ணிட்டு வந்திருக்க!”

அதோடு விட்டாளா? மற்றதையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஆபரேஷன் சமயத்திலேயே சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாவி எங்களிடம் மூச்சு விடவில்லை, மாத்திரையையும் போடவில்லை. சாயங்காலமானால் குவார்ட்டர் உள்ளே போகிறது. வலிக்கு மெடிக்கல் கடையில் அவனாகவே ஏதோ மாத்திரை வாங்கி ஆறு மாதமாக விழுங்குகிறான். அந்த மாதிரி மாத்திரைகளில் சிலது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று அவள் சொன்னபோது, அவனே வாயைப் பொத்திக்கொண்டான். சர்க்கரை ஏறியிருந்தால் எலும்பும் மெதுவாகத்தான் கூடும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும், சீழ் பிடிக்கவும் வழி என்றாள்.

கடைசியில் படத்தில் விரலை வைத்தாள். “இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் இது. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. நடுவுல இருக்கிற துண்டுக்கு ரெண்டு பக்கமும் ரத்தம் வர்ற வழி அறுந்து போச்சு. ஒரே இடத்துல உடைஞ்சிருந்தா இந்நேரம் ஓரளவு கூடியிருக்கும்.” சீட்டைப் பார்த்தாள். “கல்லுல விழுந்தா இப்படி ஒடையாதே?”

மச்சான் கூரையைப் பார்த்தான். என் காது இரண்டும் கொதித்தது. நான் ருசிக்காக அடித்த அடி அந்தப் படத்தில் கறுப்புக் கோடாக நின்றது. அந்த இடத்திலேயே செத்துவிடலாமா என்று இருந்தது.

வெட்கப்பட்டால் மனுஷன் அடங்குவான் என்பார்கள். எனக்கு வெட்கமும் கோபமாகத்தான் வெளியே வரும். வீட்டுக்கு வந்ததும் அவன் தலையணைக்கு அடியில் இருந்த பீடிக் கட்டுகளையெல்லாம் வாரிச் சாக்கடையில் போட்டேன். அவன் ஊன்றுகட்டையால் என் முதுகில் ஓங்கிப் போட்டான்.

“சபை குட்த்தத நீ எப்டிடா புட்ங்குவ?”

சபைக்கே போனேன். பீடியை மட்டும் நிறுத்த அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். பெரியவர்கள் மூன்று பேர் கூடிப் பேசினார்கள். சபை சொன்ன ஒன்றைத் தண்டனை வாங்கினவன் கேட்டு மாற்றினால் நாளைக்கு எவனும் சபையை மதிக்க மாட்டான், பீடி தொடர வேண்டும் என்று தீர்ப்பு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் இரண்டு கட்டு பீடி வாங்கினேன். மீன் கழுவின தண்ணீர் வாளியில் இரண்டையும் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட அவன் முன்னால் வைத்தேன். சபை சொன்னது சொன்னபடி நடந்தது. தினமும் அப்படியே செய்தேன்.

அவன் சும்மா இருப்பானா? ஐந்தாவது நாள் கொதிக்கிற மீன் குழம்புச் சட்டியை என் மேல் எறிந்தான். தோளும் மார்பும் வெந்து தோல் உரிந்தது. பீடி இல்லாமல் சுவரில் தலையை முட்டிக்கொள்வான், என் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டுவான். அப்போதுதான் அவன் தோஸ்து ஒருத்தன் சன்னல் வழியாக பீடி கொடுப்பதைப் பார்த்தேன். வலை பின்னுகிறவன், பூஞ்சை உடம்பு. அவன் தலைமுடியைப் பிடித்துச் சன்னல் கம்பியில் மோதினேன். மூக்கு உடைந்து ரத்தம் சுவரில் தெறித்தது. மறுபடியும் மோதக் கையை இழுத்தபோது என் பெண்டாட்டி குறுக்கே வந்து விழுந்தாள்.

“இன்னும் எத்தினி பேர ஒட்ப்ப நீ? ஊர்ல கீற எல்லாரையும் ஒட்ச்சிட்டுத்தான் எங்கண்ணன் எலும்ப ஒட்ட வெப்பியா?” என்று கேட்டாள். முடியை விட்டேன்.

அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகு மச்சான் பீடியைக் கேட்கவில்லை. எனக்குப் பயந்தா, தோஸ்துக்காகவா, தெரியாது. குவார்ட்டரையும் விட்டான். என் பெண்டாட்டி கேழ்வரகுக் களியும் கீரையும் முட்டையும் அளந்து போட்டாள், சர்க்கரை மாத்திரையைத் தானே வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பத்தாம் மாதம் எடுத்த படத்தில், கீழ் முறிவில் மட்டும் புகை மாதிரி லேசாக வெள்ளை தெரிந்தது. மேல் முறிவு அப்படியே பிளந்து கிடந்தது. டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

“ஆரம்பிச்சிருக்கு. இன்னும் நாலஞ்சு மாசம் பார்ப்போம். அது வரைக்கும் கட்டை இல்லாம ஒரு அடிகூட வைக்கக் கூடாது. உள்ளே இருக்கிற கம்பி எலும்புக்குத் துணைதான். எலும்பு கூடாம முழு பாரமும் அது மேலே விழுந்தா, கம்பியும் ஒரு நாள் உடையும்.”

இன்னும் நாலைந்து மாதம்! அன்றைக்குக் காலையில்தான் ஐஸ் பார் சரிந்து என் இடது கைச் சுண்டுவிரல் நசுங்கியிருந்தது. நகம் பிய்ந்து தொங்கியது. வீட்டுக்கு வந்து அவனைக் கட்டிலில் உட்கார வைத்ததும் என் வாய் அவிழ்ந்துகொண்டது. அவன் வாய்தான் நீளம் என்று சொன்னேனே, அன்றைக்கு என்னுடையது நீண்டது.

“நீ வேணும்னே கூட வுடாம வச்சிகினு கீற. குந்திகினு துன்றது சொகமா கீது ஒனக்கு. நான் கரையிலயே ஐஸ் ஒட்ச்சி சாவணும், அத்தான ஒன் கணக்கு?”

எதற்கும் பதில் வைத்திருப்பவன் என் விரலைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கழியால் அடித்தபோதுகூட அவன் முகம் அப்படிப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு சபை கூடியிருந்தது. வேறு ஏதோ விவகாரம். நான் ஓரமாக நின்றேன். சந்து முனையில் மச்சான் தெரிந்தான். கையில் கட்டை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் சமமாக மிதித்து நடந்து வந்தான். சந்து முனையிலிருந்து தலைவர் பெஞ்சு வரை இருபது அடி இருக்கும். இருபது அடியும் சிரித்துக்கொண்டே நடந்தான். கூட்டம் கை தட்டியது. எனக்கு மட்டும் அவன் மேலுதட்டு வியர்வை தெரிந்தது. இரண்டு கையையும் இறுக்கி மூடியிருந்தான், முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

“கூடிச்சா?” என்று தலைவர் கேட்டார்.

“கூடிச்சி. மாப்ளைய கடலுக்கு வுடுங்க.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “நீதான ஆஸ்பத்திரிக்குக் கூடப் போற. டாக்டரு இன்னா சொல்லிச்சி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதிரில் கடல். பத்து மாதமாகக் கவிழ்ந்து கிடந்த என் போட். ‘கூடவில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான்.

“கூடிச்சிங்க” என்றேன்.

மறுநாள் காலை போட்டை இறக்கினோம். மணலில் தள்ளுவதற்கு ஐந்தாறு பேர் வந்தார்கள். அன்றைக்கு நான் தனியாகத்தான் போவதாக ஏற்பாடு, ஆனால் தள்ள அவனும் வந்தான். பழைய இடத்திலேயே, பின்பக்கம் இடது மூலையில், தோளைக் கொடுத்து நின்றான். வேண்டாம் போடா என்று சொல்லியிருக்கலாம். அதைப் பார்த்துக்கொண்டே போட்டில் ஏறினேன். “ஏலேலோ” என்று சத்தம் போட்டுத் தள்ளினார்கள், தண்ணீர் அடியைத் தொட்டது, மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்ததும் பைத்தியக்காரன் மாதிரி கத்தினேன். அவ்வளவு சந்தோஷம். கரையில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்ல மீன்பாடு அன்றைக்கு. இரண்டு பெட்டி கானாங்கெளுத்தி. மத்தியானம் கரைக்கு வந்தால் என் பெண்டாட்டி தலைவிரிகோலமாக அலையில் நின்றாள். போட் தரை தட்டுவதற்குள் தண்ணீரில் இறங்கி வந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். ஊர் பார்க்க, ஏலக்காரிகள் பார்க்க, மாறி மாறி அடித்தாள். நான் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“தெரிஞ்சே வுட்டுட்டுப் போனியே, பாவி! கம்பி ரெண்டா ஒட்ஞ்சி, எலும்பு தோலக் கிய்ச்சிகினு வெளிய வந்துட்சிடா! அலையில கெடந்து கத்தினான்டா எங்கண்ணன்!”

தள்ளின வேகத்திலேயே விழுந்திருக்கிறான். அவனைத் தூக்குவதற்குள் இரண்டு அலை அவன் மேல் போயிருக்கிறது. எங்கள் கரைத் தண்ணீரின் யோக்கியதை எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக் கழிவு, சாக்கடை, எண்ணெய் எல்லாம் கலந்த தண்ணீர் திறந்த எலும்புக்குள் போனது. பட்ட காலிலே படும் என்பது சும்மா வந்த பேச்சில்லை. நாலாம் நாளே சீழ் பிடித்தது. சர்க்கரை உடம்பு வேறு. ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள்.

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கழி, இரண்டு அடி, சபையில் சொன்ன பொய், போட் தள்ளினது, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இனிமேலாவது அவன் கால் விஷயத்துல பொய் சொல்லாதே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செத்துப்போன நடு எலும்பை, நாலு விரல் அகலத்துக்கு, வெட்டி எடுத்துவிட்டார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், தோலைத் துளைத்து எலும்பில் இறங்குகிற கம்பிகள், வளையத்துக்கு வளையம் நட்டு போல்ட்டு. நல்ல எலும்பை மேலே ஒரு இடத்தில் டாக்டர்களே பிளந்து, அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்த வேண்டுமாம். பின்னால் விடுகிற இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும் என்றார்கள். அதற்கு ஒரு நாளைக்கு நாலு வேளை சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டாகக் கால்வாசிச் சுற்றுத் திருப்ப வேண்டும். ஒரு வேளையும் தவறக் கூடாது. வீட்டில் யார் செய்வீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். என் பெண்டாட்டி கையை நீட்டினாள்.

“அவ வேணாம்மா” என்றான் மச்சான் படுக்கையிலிருந்து. “ஒட்ச்சவன் திருப்பட்டும்.”

அங்கேயே முதல் தடவை திருப்பிக் காட்டச் சொன்னார்கள். ஸ்பேனரை நட்டில் வைத்தேன். நிற்கவில்லை, வழுக்கியது. என் கை அப்படி ஆடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னா மாப்ள, அடிக்கசொல்லோ நடுங்கல, இப்ப நடுங்குது?”

நான் அழுதேன். வார்டு முழுக்கப் பார்க்க, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். அழுது முடிகிற வரை காத்திருந்து, திருப்பு என்றான்.

இப்போது நான் கடலுக்குப் போகத் தடை ஒன்றும் கிடையாது. சபை மறுபடி என்னைக் கூப்பிடவேயில்லை. ஆனால் காலை ஆறு மணி, பதினொரு மணி, சாயங்காலம் நாலு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்று நாலு வேளை நட்டு இருக்கிறது. நடுவே கடலுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. ஐஸ் உடைக்கிற வேலையும் அரை நாள்தான். கம்பி தோலில் இறங்குகிற ஒவ்வொரு துளையையும் மருந்துத் தண்ணீர் விட்டு நான்தான் துடைக்கிறேன். சில நாள் சதை கம்பியில் ஒட்டிக்கொண்டு ரத்தம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு என் அப்பாவைத் திட்டுவான். திட்டட்டும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று யாராவது என்னிடம் சொன்னால் அவன் வாயிலேயே போடுவேன். அடித்த கை அடித்த கைதான்.

நேற்றுக் காலை நட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். புதுப் படம் எடுத்து இரண்டு நாள்தான் ஆகிறது. இடைவெளியில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது, எலும்பா வெறும் நிழலா என்று இப்போதே சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. உடைந்த நாளிலிருந்து இத்தனை மாதத்தில் அவன் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காததை நேற்றுக் கேட்டான்.

“கூடுமா மாப்ள?”

கூடும் என்று சொல்ல வாய் வந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

“தெர்ல மச்சான்.”

அவன் தலையணையில் சாய்ந்து, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“சரி. இன்னும் ரெண்டு நட்டு கீது, திருப்பு” என்றான்.